விளம்பரம் சொன்னது பாதி, நாம் முடித்தது பாதி

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். ஆறு வயது மகளுக்குச் சத்து பானம் வாங்கச் சொல்கிறார் உங்கள் மாமியார், டிவியில் பார்த்ததால். "எல்லாமே ஏமாத்து வேலை" என்கிறார் உங்கள் கணவர். எம்.எஸ்சி. வரை படித்த நீங்கள், விளம்பரம்தான் என்று தெரிந்தும் சூப்பர் மார்க்கெட்டில் அதே டப்பாவை எடுத்துக் கூடையில் போடுகிறீர்கள். விளம்பரத்தை நம்பாமல் இருப்பது எப்படி என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் உங்களை உறுத்துவது வேறு ஒன்று என்று நினைக்கிறேன்: தெரிந்த பிறகும் கை ஏன் அதன் பக்கம் போகிறது? நான் பதில் சொல்ல விரும்புவது இந்தக் கேள்விக்கு.

சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் பதினேழு ஆண்டுகள் தமிழ் வாசகம் எழுதினேன். மும்பையில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் முடிவாகி வரும் முப்பது நொடி ஸ்கிரிப்ட்டைத் தமிழ் வாய்க்கு ஏற்றபடி மாற்றுவதுதான் பெரும்பாலும் என் வேலை. சோப்பு, பற்பசை, சலவைத்தூள், சமையல் எண்ணெய், குழந்தைகளுக்கான பானம் என்று பலதும் என் கை வழியாகப் போயிருக்கின்றன. இப்போது அந்த வேலையை விட்டுவிட்டுப் பள்ளிகளிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் நுகர்வோர் வகுப்பு எடுக்கிறேன். நான் மருத்துவரோ உணவியல் நிபுணரோ இல்லை. எந்த பானம் உங்கள் மகளுக்கு நல்லது என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. டப்பாவின் மேலும் அந்த முப்பது நொடியிலும் இருப்பதை எப்படிப் படிப்பது என்பதைத்தான் என் தொழில் கற்றுக்கொடுத்தது.

உங்கள் கணவர் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். பெரிய கம்பெனிகளின் விளம்பரத்தில் அப்பட்டமான பொய் குறைவு. ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் கம்பெனியின் சட்டப் பிரிவுக்குப் போய்த்தான் திரும்பும். "பிள்ளைகளை வளர்க்கும்" என்று நான் எழுதி அனுப்பினால் "பிள்ளைகள் வளர உதவும்" என்று திருத்தி வரும். "உதவும்" என்ற அந்த ஒரு சொல் கம்பெனியின் தலையிலிருந்து மொத்த பாரத்தையும் இறக்கிவிடும். சோறும் பருப்பும் முருங்கைக்கீரையும்கூடப் பிள்ளை வளர உதவுகின்றன, அதில் யாரும் தப்பு கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வீட்டில் உட்கார்ந்து பார்ப்பவர் மனதில் தங்குவது "வளரும்" என்பதுதான். சொன்னது ஒன்று, தங்கியது ஒன்று. இடையில் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லவில்லை, நாமே முடித்துக்கொண்டோம். என் அனுபவத்தில் விளம்பரத்தின் சூட்சுமம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. பாதி வாக்கியத்தை அவர்கள் சொல்வார்கள், மீதியை நாம் நம் ஆசையாலோ பயத்தாலோ முடித்துக்கொள்வோம். நாமே முடித்த வாக்கியத்தை நாமே சந்தேகப்படுவது அபூர்வம்.

தமிழில் இதற்குக் கூடுதல் வசதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் "வரை" என்ற பொருள் தரும் சொல் எண்ணுக்கு முன்னால் வரும். படிப்பவர் அதைத் தாண்டித்தான் எண்ணுக்கு வர வேண்டும். தமிழில் அது எண்ணுக்குப் பின்னால் வருகிறது. ஆடித் தள்ளுபடி பேனரை ஒருமுறை நின்று பாருங்கள். 70% என்பது ஆள் உயரத்துக்கு இருக்கும். "வரை" அதன் காலடியில் கடுகளவு இருக்கும். கண் 70-இலேயே வேலையை முடித்துக்கொள்ளும். 70% வரை என்றால் கடையில் ஒரே ஒரு அலமாரியில் 70 இருந்தாலும் அந்த வாசகம் உண்மைதான். லேஅவுட் போடும்போது அந்தச் சொல் எவ்வளவு சின்னதாகலாம் என்று பேசிய கூட்டங்களில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். அதைப் பற்றி எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

ஒப்பீட்டுச் சொற்களும் அப்படித்தான். "இரு மடங்கு வெண்மை", "அதிக நுரை", "கூடுதல் பாதுகாப்பு". எதைவிட? தமிழில் "விட" என்று ஒரு உருபு இருப்பதே இந்தக் கேள்விக்காகத்தான். அது இல்லாத ஒப்பீட்டைக் கேட்டால் அந்த இடத்திலேயே வாக்கியத்தை நிறுத்திவிடலாம். பெரும்பாலும் பதில் திரையின் அடியில் ஓடும் பொடி எழுத்தில் இருக்கும் (எங்கள் வேலையில் அதற்கு "சூப்பர்" என்று பெயர்): வெறும் தண்ணீரில் துவைத்ததைவிட, அதே கம்பெனியின் பழைய தயாரிப்பைவிட, என்பது போல. 99.9% கிருமிகளைக் கொல்லும் என்பதும் இந்த ஜாதிதான். அது ஆய்வகத்தில், தேர்ந்தெடுத்த சில கிருமிகள் மீது, குறிப்பிட்ட நிமிடங்களுக்குச் செய்த சோதனை. உங்கள் வீட்டுக் கழிவறைத் தரைக்கு அந்த எண் அப்படியே பொருந்தும் என்று விளம்பரம் சொல்லவில்லை.

நாம் முடித்துக்கொள்ளும் மீதி எவ்வளவு பெரியது என்பதற்கு எனக்குத் தெரிந்த தெளிவான உதாரணம் பயிற்சி மைய விளம்பரங்கள். ஐஏஎஸ் தேர்வு முடிவு வந்த மறுநாள் நாளிதழின் முழுப்பக்கத்தில் முதல் ரேங்க், மூன்றாம் ரேங்க் என்று வரிசையாகப் படங்கள். படம் உண்மை, பெயர் உண்மை, அவர்கள் அங்கே ஏதோ ஒரு வகுப்பில் சேர்ந்ததும் உண்மை. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலானோர் சேர்ந்தது நேர்முகத் தேர்வுக்கான இலவசப் பயிற்சியில் என்பது பல மையங்களில் தெரியவந்தது. முதல்நிலை, முதன்மைத் தேர்வுகளைத் தாங்களாகவோ வேறு எங்கோ படித்தோ தாண்டிவிட்டு வந்தவர்கள் அவர்கள். பல மையங்களுக்கு அபராதம் விழுந்தது. 2024 நவம்பரில் பயிற்சி மையங்களுக்கென்றே தனி வழிகாட்டுதல்கள் வந்தன. வெற்றி பெற்றவர் எந்தப் பாடத்திட்டத்தில், எவ்வளவு காலம் படித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். லட்ச ரூபாய் பாடத்திட்டத்தில் பிள்ளையைச் சேர்த்த பெற்றோரிடம் "அதில் படித்துத்தான் ரேங்க் வாங்கினார்" என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அந்த வரியை எழுதியது அவர்கள் மனம்.

இனி உங்கள் டப்பா. "ஹெல்த் டிரிங்க்" என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலோ அதன் விதிகளிலோ அப்படி ஒரு வகைக்கு வரையறையே கிடையாது. 2024 ஏப்ரலில் மத்திய வணிக அமைச்சகம், போர்ன்விட்டா உள்ளிட்ட பானங்களை "ஹெல்த் டிரிங்க்" பிரிவிலிருந்து நீக்கும்படி இணைய வணிகத் தளங்களுக்கு அறிவுறுத்தியது. அதே மாதம் ஹார்லிக்ஸ் தயாரிக்கும் இந்துஸ்தான் யூனிலீவர், தன் பிரிவின் பெயரை "ஃபங்ஷனல் நியூட்ரிஷனல் டிரிங்க்ஸ்" என்று மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் மூன்று தலைமுறையாகப் புழங்கிய ஒரு சொல்லுக்குச் சட்டத்தில் ஆதாரம் இல்லை என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. அதனால் பானம் விஷமாகிவிடவில்லை. அந்தப் பெயர் தந்த நம்பிக்கைக்குத்தான் அடித்தளம் இல்லாமல் போனது.

டப்பாவைத் திருப்புங்கள். மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். முதல் மூன்று பெயர்களைப் படித்தாலே டப்பாவுக்குள் பெரும்பகுதி என்ன என்று தெரிந்துவிடும். சர்க்கரை அங்கே ஒரே பெயரில் இருக்காது. சர்க்கரை, திரவ குளுக்கோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று மூன்று இடத்தில் பிரிந்து நிற்கலாம். இதில் மால்டோடெக்ஸ்ட்ரின் வேகமாக குளுக்கோஸாக மாறக்கூடிய மாவுச்சத்து, ஆனால் ஊட்டச்சத்து அட்டவணையில் "சர்க்கரை" வரியில் சேராது. அட்டையில் பாதாம் படம் போட்டிருந்தால், அப்படி எடுத்துக்காட்டும் பொருள் எத்தனை சதவீதம் என்பதையும் எழுதியாக வேண்டும். அந்த எண்ணைத் தேடுங்கள். என் வகுப்பில் பெண்கள் முகம் மாறுவது எப்போதும் அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும்போதுதான். பிறகு கூடுதல் சர்க்கரை ஒரு பரிமாறலுக்கு எத்தனை கிராம் என்று பார்த்து நான்கால் வகுத்தால், அது எத்தனை தேக்கரண்டி என்று தோராயமாக வந்துவிடும். மேலே நீங்கள் தனியாகப் போடும் சர்க்கரை வேறு.

இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும். விளம்பரத்தில் அந்தப் பிள்ளை குடிப்பது பொடியை இல்லை, ஒரு டம்ளர் பாலை. 200 மில்லி பாலிலேயே ஆறு ஏழு கிராம் புரதம் இருக்கிறது. மால்ட் வகைப் பொடி இரண்டு கரண்டி போட்டால் பெரும்பாலும் அதில் பாதிகூடச் சேராது. பாலின் புகழையும் பொடியே எடுத்துக்கொள்கிறது. ஒரு முட்டையிலோ ஒரு கைப்பிடி வேர்க்கடலையிலோ ஆறு ஏழு கிராம் புரதம் கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அந்தப் பொடி இருந்தால்தான் பிள்ளை பால் குடிக்கிறாள் என்றால், அதற்கு ஒரு பயன் இருக்கிறது. பாலுக்குச் சுவையூட்டும் பொருளாக அதற்கு என்ன விலை கொடுக்கலாம் என்று யோசித்து முடிவு செய்யுங்கள்.

"குடிக்க ஆரம்பிச்ச அப்புறம் நல்லா வளர்ந்திருக்கா" என்று மாமியார் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறார். ஆனால் ஆறு வயதுப் பிள்ளை பொதுவாக வருடத்துக்கு ஐந்து ஆறு சென்டிமீட்டர் வளரும், எந்தப் பொடியும் இல்லாமலே. குடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு வளர்ந்திருப்பாள் என்பதை ஒரே பிள்ளையை வைத்துப் பார்க்க வழியில்லை. தானாக நடக்கக்கூடிய ஒரு மாற்றத்தின் பக்கத்தில் போய் நின்றுகொள்வது விளம்பரத்தின் பழைய உத்தி. முகப்பரு, சளி, முடி உதிர்வு, எல்லாம் பெரும்பாலும் தாமாகவே ஏறி இறங்குபவை. ஹார்லிக்ஸின் "உயரமாக, வலுவாக, கூர்மையாக" என்ற பொருள்பட்ட விளம்பரம் ஒன்று 2008-இல் பிரிட்டனில் ஒளிபரப்பானபோது, போதிய ஆதாரம் தரப்படவில்லை என்று அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் அதைத் தடுத்தது. நம் நாட்டிலும் 2022 ஜூனில் வந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள், குழந்தையின் அறிவையோ உடல் திறனையோ கூட்டும் என்று தகுந்த அறிவியல் ஆதாரம் இல்லாமல் சொல்லக் கூடாது என்கின்றன.

அதே வழிகாட்டுதலில் எனக்கு மிகப் பிடித்த ஒரு விதி: விளக்கக் குறிப்பு, வாசகம் எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் உருகி உருகிப் பேசிவிட்டு நிபந்தனையை ஆங்கிலப் பொடி எழுத்தில் ஓடவிடுவதை நான் பதினேழு ஆண்டுகள் பார்த்தவன். கிராமத்தில் ஒரு பாட்டி அதைப் படிக்க வழியே இல்லை. அந்த விதி எல்லா இடத்திலும் பின்பற்றப்படுவதாக இன்னும் என்னால் சொல்ல முடியாது. நீங்கள் பார்த்தால் புகார் செய்யலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மறுபடி செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

சரி, இவ்வளவும் தெரிந்த பிறகும் கை ஏன் போகிறது? இங்கே ஆராய்ச்சி ஓரளவு தெளிவாக இருக்கிறது. ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் அது உண்மை போலத் தோன்ற ஆரம்பிக்கும் என்பதை 1977-இலேயே அமெரிக்க உளவியலாளர்கள் சோதித்துக் காட்டினார்கள். அதன்பின் பலமுறை, பல விதமாக உறுதிப்பட்ட முடிவு அது. உங்களுக்கு முக்கியமானது 2015-இல் வெளிவந்த ஒரு ஆய்வு. சரியான விடை முன்பே தெரிந்தவர்களிடமும் இந்த விளைவு வேலை செய்வதாக அதில் தெரிந்தது. கேட்டுப் பழகிய வாக்கியம் மனதில் சுலபமாக ஓடுகிறது, அந்தச் சுலபத்தையே மனம் உண்மை என்று எடுத்துக்கொள்கிறது. ஆக, எம்.எஸ்சி. படித்தும் இப்படியா என்று உங்களை நொந்துகொள்ளாதீர்கள். அலமாரியின் முன்னால் நிற்கும் பத்து நொடியில் படிப்பு வேலை செய்வதில்லை, பழக்கம் வேலை செய்கிறது. அந்த இடத்தில் யோசிக்க முயல்வதைவிட, யோசிப்பதை வீட்டிலேயே முடித்துவிட்டுப் போவது பலன் தருகிறது. எந்தப் பொருள், எத்தனை கிராம், எவ்வளவு ரூபாய்க்குள் என்று தாளில் எழுதிக்கொண்டு போகும் என் மாணவிகள் பலர் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது அவர்கள் வாய்ச்சொல்தான், அளந்து பார்த்த கணக்கு இல்லை.

நிச்சயமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். விளம்பரம் நம் ஆழ்மனதில் ரகசியச் செய்தி விதைக்கிறது என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். திரையரங்கில் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் "பாப்கார்ன் சாப்பிடு" என்று காட்டி விற்பனையைக் கூட்டியதாக 1957-இல் ஜேம்ஸ் விக்காரி என்ற அமெரிக்கர் சொன்னதுதான் அந்தக் கதையின் வேர். 1962-இல் அவரே அது பெயருக்குச் செய்த வித்தை என்று ஒப்புக்கொண்டார். ஒரு விளம்பரம் தனியாக எத்தனை பேரை வாங்க வைத்தது என்று கணக்கிடுவது, செலவழிக்கும் கம்பெனிகளுக்கே கஷ்டமான காரியம். இபே நிறுவனம் தன் பெயரைத் தேடுபவர்களுக்குக் காட்டிய தேடுபொறி விளம்பரங்களைச் சோதனையாக நிறுத்திப் பார்த்தபோது, வருகை ஏறக்குறைய குறையவே இல்லை. ஏற்கெனவே அங்கே வர நினைத்தவர்கள்தான் அந்த விளம்பரத்தைத் தட்டியிருக்கிறார்கள். ஆகவே விளம்பரத்தை எதிர்க்க முடியாத மாயசக்தி என்று நினைக்க வேண்டாம். ஒரு தடவை பார்ப்பதன் தாக்கம் சிறிது. வருடக்கணக்கில் சேர்ந்த பழக்கத்தின் தாக்கம்தான் பெரிது. இதில் எது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் வாதம் உண்டு.

பெரிய செலவுகளில் இந்தப் "பாதி வாக்கியம்" பொடி டப்பாவைவிட அதிகம் கடிக்கும் என்பதால் தங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். "சேதாரத்தில் 50% தள்ளுபடி" என்ற வரியைக் கேட்டதும் நகை மலிவு என்று முடித்துக்கொள்கிறோம். சேதாரம் எத்தனை சதவீதம் என்பதைத் தீர்மானிப்பது கடைக்காரரே. ஒரு கடையில் 18% என்று போட்டு, பாதி தள்ளி 9% வாங்கினால், தள்ளுபடியே அறிவிக்காமல் 8% வாங்கும் பக்கத்துக் கடையைவிட அது விலை அதிகம். "செய்கூலி இல்லை" என்றால் சேதாரத்தில் அது உட்கார்ந்திருக்கலாம். சேதாரம் குறைவு என்றால் கல்லின் எடை தங்க விலையில் ஏறியிருக்கலாம். நான் சொல்லும் வழி ஒன்றே: ஒரே எடை, ஒரே 916 தரம், ஏறக்குறைய ஒரே மாதிரி டிசைன், அன்றைய விலை, எல்லாம் சேர்த்து, வரியோடு, கையில் என்ன ஆகிறது என்று மூன்று கடையில் கேளுங்கள். கல் எடை தனி, தங்க எடை தனி என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் கட்டாயமான நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்யுஐடி அடையாள எண் இருக்க வேண்டும். அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வந்துவிடும்.

அட்சய திருதியையும் இதில் சேர்த்தி. என் பாட்டி அன்றைக்குத் தானம் கொடுப்பார், தண்ணீர்ப் பந்தல் வைப்பார், மோர் ஊற்றுவார். அன்று கடைக்குப் போய்த் தங்கம் வாங்கினார் என்று நான் கேள்விப்பட்டதே இல்லை. நம்பிக்கையோடு வாங்குபவர் மனதைப் புண்படுத்த நான் இதைச் சொல்லவில்லை. கடன் வாங்கியாவது அன்று ஒரு கிராம் வாங்கியே ஆக வேண்டும் என்ற பதற்றம் பாட்டியிடமிருந்து வந்ததா, முழுப்பக்க விளம்பரத்திலிருந்து வந்ததா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

வட்டியில்லாத் தவணைக்கும் அதே கணக்குதான். பூஜ்ய சதவீத வட்டி என்று ஒன்று கிடையாது, அது வேறு கட்டணத்துக்குள் மறைந்திருக்கிறது என்ற பொருளில் ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியது. ரொக்கம் கொடுத்தால் என்ன விலை, செயலாக்கக் கட்டணம் எவ்வளவு என்ற இரண்டு கேள்வி போதும். "சென்னைக்கு மிக அருகில்" என்ற மனை விளம்பரத்தில் அருகில் என்பது எந்த இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று கேளுங்கள், ரெரா (மனை, கட்டடத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம்) பதிவு எண்ணையும் பாருங்கள். பதிவு செய்யக் கட்டாயமான திட்டமென்றால் விளம்பரத்திலேயே அந்த எண் இருக்க வேண்டும். ரெரா சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர் விலகிக்கொண்டு வட்டியோடு திரும்பக் கேட்கலாம் என்பதால் அந்த நோட்டீஸைத் தூக்கி எறியாமல் வைத்திருங்கள்.

எல்லாமே ஏமாற்று என்ற உங்கள் கணவரின் நிலையில் எனக்கு ஒரு கவலை இருக்கிறது. எல்லாம் பொய் என்று முடிவு கட்டியவர், எது ஆபத்தான பொய் என்று பிரித்துப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார். சலவைத்தூள் வெண்மையை மிகைப்படுத்துவதும் வயிற்றுப்போக்கில் துவளும் குழந்தைக்கான பானத்தில் குழப்புவதும் ஒன்றாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் ஓஆர்எஸ் கலவையில் ஒரு லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் உப்பும் இன்னும் இரண்டு உப்புகளும் அளந்து சேர்க்கப்பட்டிருக்கும். அந்த அளவுதான் மருந்து. ஆனால் பெயரில் "ஓஆர்எஸ்" என்று பெரிதாகப் போட்டுக்கொண்டு, சர்க்கரை அதிகமுள்ள பழபானங்கள் மருந்துக் கடையிலேயே விற்றன. இது அந்தக் கலவை இல்லை என்ற குறிப்பு டப்பாவில் சிறிதாக இருந்தால் போதும் என்று சில காலம் அனுமதியும் இருந்தது. சர்க்கரை அதிகமான பானம் வயிற்றுப்போக்கைக் கூட்டக்கூடும். ஹைதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஒருவர் பல ஆண்டுகள் விடாமல் போராடிய பிறகு, 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் அந்த அனுமதியை விலக்கிக்கொண்டது. அந்தப் பெயரைப் பார்த்து நம்பி வாங்கிக்கொண்டு ஓடிய தாய்மார்களை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

நோயைக் குணமாக்குவதாகச் சொல்லும் விளம்பரத்தில் மட்டும் நான் எந்த நிதானமும் காட்டுவதில்லை. 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், ஒரு பட்டியலைப் போட்டு அந்த நோய்களுக்கு மருந்து என்று விளம்பரம் செய்வதையே தடை செய்திருக்கிறது. சர்க்கரை நோய், புற்றுநோய், உடல் பருமன் எல்லாம் அதில் உண்டு. உயரத்தைக் கூட்டுவதும் உண்டு. ஆகவே "நீரிழிவை வேரோடு அறுக்கும்" என்று ஒரு சேனலில் கேட்டால், பொருளை ஆராய வேண்டிய அவசியமே இல்லை. அந்த விளம்பரம் வந்ததே சட்டத்துக்குப் புறம்பு. நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்த பதஞ்சலி நிறுவனத்தின் வழக்கில் 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நீங்கள் போட்ட மன்னிப்பு உங்கள் விளம்பரங்களின் அளவுக்கு இருக்கிறதா என்று கேட்டது நினைவிருக்கலாம். பெரிய எழுத்தில் சொன்னதைச் சின்ன எழுத்தில் திரும்பப் பெற முடியாது என்பதை ஒரு நீதிமன்றம் புரிந்துகொண்டது எனக்கு நிம்மதியாக இருந்தது.

உங்கள் மகளுக்கு இதையெல்லாம் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஆறு வயதில் அவளிடமிருந்து அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஏழெட்டு வயது வரை குழந்தைகளுக்கு விளம்பரத்தின் நோக்கமே நம்மை வாங்க வைப்பது என்பது சரியாகப் புரியாது என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் சொன்னது. ஸ்வீடனில் 12 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைத்துத் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்வதே கூடாது. கனடாவின் கியூபெக்கில் 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 1980 முதல் தடை. இங்கே அந்த அளவுக்கு இல்லை, அதனால் அந்த வேலி நீங்கள்தான். இப்போதைக்கு அவளுடன் உட்கார்ந்து பார்த்து, "இப்போ கதை முடிஞ்சிருச்சு, இது விற்கிறதுக்காகக் காட்டுறாங்க" என்று பிரித்துக் காட்டினால் போதும். யூடியூபில் பொம்மையைப் பிரித்துக் காட்டும் அக்காவுக்கும் காசு வந்திருக்கலாம் என்பதை ஒன்பது பத்து வயதில் சொல்லலாம். அப்போது "அவங்க என்ன சொன்னாங்க, நீ என்ன நினைச்சுக்கிட்டே?" என்று விளையாட்டாகக் கேட்டுப் பழக்குங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் அந்த விளையாட்டில் பெரியவர்களைவிடக் கெட்டி.

மாமியாரிடம் விளம்பரம் பொய் என்று வாதாட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அவர் கேட்பது பொடியை இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது. பேத்தி சரியாகச் சாப்பிடுவதில்லை, ஒல்லியாக இருக்கிறாள் என்ற பயம் அவருக்கு இருக்கலாம். விளம்பரம் அந்தப் பயத்துக்கு ஒரு டப்பாவைக் காட்டியது. உங்கள் பதிலும் அந்தப் பயத்துக்கே இருக்கட்டும். மகளை ஒரு குழந்தை மருத்துவரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி, வயதுக்கேற்ற உயரமும் எடையும் இருக்கிறதா என்று வளர்ச்சி அட்டையில் குறித்து வாங்குங்கள். முடிந்தால் மாமியாரையும் கூட அழைத்துப் போங்கள். குறைவு இருந்தால் என்ன கொடுக்கலாம் என்று மருத்துவர் சொல்வார், அது ஒருவேளை ஒரு பொடியாகவே இருந்தாலும். குறைவு இல்லையென்றால் அட்டையில் ஏறும் வளர்ச்சிக் கோட்டை அவரே தன் கண்ணால் பார்ப்பார். ஆறு மாதம் கழித்து மறுபடி அளந்து அதே அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள்.